எடைமேடை

நாற்பத்திரண்டு டன் இருநூற்று நாற்பது கிலோ.
என் வண்டியின் எடை
சீல் நம்பரோடு எனக்கு மனப்பாடம்.
நாயின் எடை தெரியவில்லை.

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில்
இரவு இரண்டு மணிக்கு
டாக்டரம்மா அதைத்தான் முதலில் கேட்டார்.
எத்தனை மாத்திரை தின்றது என்பதை
அதற்கப்புறம்.

எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் வரிசை
காசிமேட்டைத் தாண்டி நின்றது.
பதினேழு மணி நேரத்தில் நான் நகர்ந்தது
ஒரு மீன் லாரி நீளம்.
கண் அசந்தால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான்.
அதற்குத்தான் அந்த மாத்திரை.
"ஒண்ணு போட்டா அஞ்சு டீ குடிச்ச மாதிரிண்ணே"
என்பான் பங்க் கடைக்காரன்.
இரண்டு பட்டை வாங்கி
ஒன்றைச் சட்டைப் பையிலும்
ஒன்றை பன் சுற்றிய காகிதத்திலும் வைத்தது
என் புத்தி.

ஜீரோ கேட்டில் கிடைத்ததால்
அதன் பெயர் ஜீரோ.
பன்னைத் தின்றது, காகிதத்தைத் தின்றது,
பட்டையைக் கடித்துப் பிரித்து ஏழையும் தின்றது.

விளையாடுகிறது என்றே முதலில் நினைத்தேன்.
இருபத்திரண்டு டயரையும் சுற்றிச் சுற்றி ஓடியது.
தண்ணீர் குடித்தது, கக்கியது,
மறுபடி குடித்தது.
பிறகு
படுத்த இடத்திலேயே ஓடியது.

வண்டியைப் பின்வண்டி மாசிலாமணியிடம் விட்டு
டில்லிபாபு ஆட்டோவில் ஏறினேன்.
மூலக்கொத்தளம், யானைகவுனி.
ஸ்பீடு பிரேக்கர் எது, நாயின் நடுக்கம் எது
என்று மடிக்குத் தெரியவில்லை.

பதினாலு கிலோ.
டாக்டரம்மா கையுறைப் பெட்டியின் மேல்
பேனாவால் வகுத்தார்.
கிலோவுக்கு நூறு மில்லிகிராம்.
"அறுபதுலயே வலிப்பு வரும்" என்றார்,
ஊசியைத் தட்டிக்கொண்டே.

நடுக்கம் அடங்க ஒரு ஊசி.
அடங்கியதும், வாய் வழியே
கரித்தூள் கரைத்த தண்ணீர்.
ராயபுரத்தில் பிறந்தவன் நான்.
ஹார்பர் கரித்தூளில்
துணியும் கறுத்தது, சளியும் கறுத்தது.
கரியை மருந்தாகப் பார்ப்பது
இதுதான் முதல் தடவை.

அப்புறம் மூத்திரப் பைக்கு ஒரு குழாய்.
எதற்கு என்றேன்.
"தேங்கி நின்னா பை வழியாவே
திரும்ப ரத்தத்துல ஏறும்.
வெளிய போய்க்கிட்டே இருக்கணும்."

நான் காலை மாற்றி நின்றேன்.
சாயங்காலம் ஆறு மணியிலிருந்து அடக்கியிருந்தேன்.
இறங்கினால் இடம் போய்விடும்.

"நீங்க எத்தனை போடுவீங்க?"

ராத்திரிக்கு நாலு.
சில நாள் ஆறு.
டீ கணக்கில்லை.

பேனாவை எடுத்தார், வைத்துவிட்டார்.
"நான் மாட்டு டாக்டருங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க."
ஆனாலும் நாய் இறங்கிய தராசை
கண்ணால் காட்டினார்.

எடைமேடையில் இத்தனை வருஷமாக
வண்டிக்குள் உட்கார்ந்தபடியே ஏறியிருக்கிறேன்.
வெறுங்காலோடு இன்றுதான் ஏறினேன்.
தகரம் சில்லென்றிருந்தது,
நாய் முடி ஒட்டியது.
எழுபத்தொன்று.
அந்த நாற்பத்திரண்டு டன்னில்
இதுவும் சேர்த்திதான் என்று
ஒருவரும் சொன்னதில்லை.

ஜீரோவின் நெஞ்சில் குழலை வைத்து
"இருநூத்தி முப்பது" என்றார்.
என் நெஞ்சை அவர் எண்ணவில்லை.
நானே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்.
பாதியில் கணக்கை விட்டேன்.

விடியற்காலையில் அது ஒரு கண்ணைத் திறந்தது.
வாலை ஆட்டவில்லை.
யாரென்று பார்த்தது,
மூடிக்கொண்டது.
சாயங்காலம் வந்து கேளுங்கள் என்றார்கள்.

வரிசை நாலு வண்டி நகர்ந்திருந்தது.
சட்டைப் பையில் இன்னொரு பட்டை.
குப்பையில் போட்டால் ஆடு மேயும்.
கல்லுக்கு அந்தப்பக்கம் கடலில் எறியலாம்.
மீன் எத்தனை கிலோ இருக்கும்?
பையிலேயே இருக்கட்டும் என்று
சீட்டில் ஏறினேன்.

முன்வண்டி பிரேக் லைட் அணைந்தது.
நகரப் போகிறது.
நான் இறங்கி
பின்டயர் ஓரமாக நின்றேன்.
நெடுநேரம் போனது.
மாசிலாமணி ஹாரன் அடித்தான்,
அடித்தான்,
பிறகு சுற்றிக்கொண்டு
முன்னால் போனான்.